65 சதவீதம் என்றால் மதிப்பெண் இல்லை

முனைவர் பட்டத்துக்கு இடம் தேடத் தொடங்கிய முதல் இரண்டு மாதம் நான் செய்தது ஒரே வேலைதான். ஒரு கடிதத்தை எழுதி, பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். 'மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது' என்று தொடங்கும். அந்த 'ஐயா'க்களில் சிலர் பெண்கள் என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. வந்த பதில் மூன்று. மூன்றிலும் இடமில்லை.

அட்மிஷன் என்று நினைத்துத் தேடியதுதான் கோளாறு. ஐரோப்பாவில் பெரும்பாலும் இது ஒரு வேலை. ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் வரும்போது விளம்பரம் வரும். நேர்முகம், ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் உண்டு. ஜெர்மன் விளம்பரம் ஒன்றில் 'டிவி-எல் இ13, 65 சதவீதம்' என்று இருந்தது. மதிப்பெண் கேட்கிறார்கள், எனக்குத்தான் 72 இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். டிவி-எல் என்பது அங்குள்ள மாநில அரசுப் பணியாளர்களின் ஊதிய ஒப்பந்தம், இ13 அதில் ஒரு சம்பள நிலை, 65 சதவீதம் என்றால் முழு நேர வேலையில் அவ்வளவு பங்கு, சம்பளமும் அதே பங்கு என்று அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு, ஐரோப்பாவின் ஆராய்ச்சி வேலை விளம்பரங்கள் வரும் யூராக்செஸ் தளத்தை வாரம் இருமுறை பார்ப்பது வழக்கமானது. ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் என்ற முனைவர் பட்டத் திட்ட இடங்களுக்கு ஒரு விநோதமான விதி: பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த இடம் இருக்கும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த என் நண்பனால் அங்குள்ள இடத்துக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்கா வேறு கதை. அங்கே பெரும்பாலும் துறைதான் சேர்க்கிறது, கடைசித் தேதிகள் டிசம்பரையொட்டி வந்துவிடும். நான் விழித்துக்கொண்டது பிப்ரவரியில்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். திட மின்பகுளி பேட்டரி (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் இருக்கும் பேட்டரி) பற்றிய ஒரு கட்டுரையை நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது படத்தில் 60 டிகிரியில் எடுத்த வளைவு மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆறே வரியில் அதைக் கேட்டு, ஒரு பக்க சுயவிவரத்தை இணைத்து, கட்டுரையை எழுதியவருக்கே அனுப்பினேன். மறுநாளே பதில்: "நல்ல கேள்வி. எங்களுக்கும் தெரியாது. அடுத்த மாதம் ஓர் இடம் விளம்பரமாகும், பாருங்கள்."

நேர்முகத்தில் 20 நிமிடம் என் முதுகலை ஆய்வைப் பற்றிப் பேசினேன். பிறகு, "உங்கள் முடிவு தவறாக இருந்தால் எப்படிக் கண்டுபிடித்திருப்பீர்கள்?" என்றார்கள். அதற்கு நான் தயாராகவே இல்லை. உளறாமல், அதே மாதிரிப் பொருளை இரண்டாவது முறை அளக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அது எனக்கு எதிராகப் போகவில்லை.

இதற்கிடையில் இன்னொரு ஆய்வகத்திலிருந்தும் அழைப்பு வந்தது. சம்பளம் அங்கேதான் அதிகம். அங்கு ஆய்வு செய்யும் ஒருவரிடம் வீடியோவில் பேசி, "உங்கள் குழுவில் கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏழு. அவருக்கு முன்னால் இருந்த இருவர் முடிக்கவில்லை" என்றார். அன்று இரவே அந்த இடத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

இப்போது முதல் வருடம் ஓடுகிறது. எனக்குக் கொடுத்திருக்கும் வேலை அந்த 60 டிகிரி வளைவை மறுபடி அளப்பது. அது இன்னமும் விலகித்தான் நிற்கிறது.