செவலைக்குப் பச்சைக் கறி: ஒன்றரை வருடக் குறிப்பேடு

செவலை எங்கள் வீட்டு சிப்பிப்பாறை நாய். நான்கு வயதுப் பெட்டை, சாத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். 2024 ஜனவரியிலிருந்து அவளுக்குப் பச்சைக் கறி போடுகிறேன். அன்றிலிருந்து ஒரு நோட்டில் தினமும் எழுதி வருகிறேன்: எத்தனை கிராம், எந்த உறுப்பு, மலம் எப்படி, வாரக் கடைசியில் எடை எவ்வளவு. நாய்க்குப் பச்சைக் கறி போடலாமா என்ற ஒரே கேள்வியைத்தான் பார்க்கிறவர்கள் எல்லாரும் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நோட்டைப் பார்த்தே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அவளுக்குப் போனது பால் சோறு. மீந்த நாளில் குழம்புச் சோறு. குழம்பில் வெங்காயம் இருக்கும் என்பதோ, வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. மலம் என்றைக்கும் கட்டியாகப் போனதில்லை. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி இருக்கும். சிப்பிப்பாறைக்கு அது கொஞ்சம் இயல்புதான், ஆனால் இவளுக்கு இடுப்பெலும்பும் துருத்தியது. அன்றைய எடை 16.2 கிலோ. அவள் உயரத்துக்கு 18 இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

இலக்கு எடையில் இரண்டரை சதவீதம் ஒரு நாள் உணவு என்று கணக்கு வைத்தேன். 18 கிலோவுக்கு 450 கிராம். அதில் எண்பது பங்கு சதை, பத்துப் பங்கு எலும்பு, பத்துப் பங்கு உள்ளுறுப்பு. அந்த உறுப்பிலும் பாதிதான் ஈரல், மீதி மண்ணீரலோ கிட்னியோ. எங்கள் ஊர்க் கறிக்கடையில் மண்ணீரலைச் சுவரொட்டி என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கோழிக் கழுத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே எலும்பு. ஆக நாளைக்கு 125 கிராம் கழுத்து போட்டால் 45 கிராம் எலும்பு சேர்ந்துவிடும். ஒரு வாரத்துக்குக் கழுத்து 875 கிராம், எலும்பில்லாத சதை 1,960, உறுப்பு 315. இதை ஞாயிறு காலையில் வாங்கி, நிறுத்து, ஏழு டப்பாக்களில் போட்டு உறைய வைப்பேன். மறுநாள் டப்பாவை முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். வெளியே வைத்து இளக வைப்பதில்லை.

முதல் வாரமே தப்பு நடந்தது. ஆசையாகத் தின்கிறாளே என்று ஈரலைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் தார் மாதிரி கறுப்பாக, ஒட்டிக்கொண்டு போனாள். சரி, எலும்பு கூட வேண்டும் போல என்று கழுத்தை இரட்டிப்பாக்கினேன். இந்த முறை சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது, போவதற்கு முக்கினாள். தராசு வாங்கியது அதற்கப்புறம்தான். கண் அளவு இந்த வேலைக்கு உதவாது. சதையில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. எலும்பு குறைந்தால் நாய் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். இது வெளியே தெரிய மாதக்கணக்காகும். வெறும் சதையை மட்டும் போட்டுவிட்டு 'பச்சைக் கறி போடுகிறேன்' என்று சொல்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த முதல் வாரத்தில்தான் எதிர்வீட்டுத் தம்பி வந்தார். "அண்ணாச்சி, ரத்த ருசி கண்டுச்சுன்னா ஒருநாள் நம்மளையே கடிக்கும்" என்றார். நான் சிரித்து ஒதுக்கவில்லை. ஏனென்றால் அதற்கு மூன்று நாள் கழித்து, கழுத்தைக் கவ்விக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் தங்கை மகள் போனபோது செவலை உறுமினாள். ஆனால் இதே செவலை முன்பு பிஸ்கட்டுக்கும் உறுமியிருக்கிறாள். தனக்குப் பிடித்ததை யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் அது. இப்போது அவள் சாப்பாடு கொல்லைப்புறத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. கையில் இருப்பதை விட்டால் அதைவிட நல்லது கிடைக்கும் என்று இரண்டு மாதம் பொறுமையாகப் பழக்கினேன். இன்று நான் "விடு" என்றால் கழுத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

ஆதரவாகப் பேசுகிறவர்கள் சொல்வதையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. நாய் என்றால் ஓநாய், ஓநாய் சோறு தின்னுமா என்று கேட்பார்கள். 2013-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸ் நொதிக்கான ஏஎம்ஒய் 2பி மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதிகள் இருக்க, நாய்களிடம் பல மடங்கு பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதனோடு சேர்ந்து சோறு தின்று பழகிய விலங்குதான் நாய். என் அப்பா சின்ன வயதில் வளர்த்த நாய்கள் கேப்பைக் கூழ் குடித்துத்தான் முயலுக்குப் பின்னால் ஓடின. முயல் கிடைத்த அன்று குடலும் தலையும் அவற்றின் பங்கு. (வேட்டைக்குத் தடை வருவதற்கு முந்தைய காலம் அது.) "அதுக கூழும் தின்னுச்சு, குடலும் தின்னுச்சு. நீ எதுக்குப்பா தராசு வைக்கிற?" என்று அப்பா கேட்டார். அந்த நாய்களில் எத்தனை எட்டு வயதைத் தாண்டின என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒன்று என்றார்.

மார்ச் மாதக் குறிப்பில் ஒரு பல் இருக்கிறது. ஆட்டுக்கால் எலும்பு ஒன்றைக் கடிக்கக் கொடுத்தேன். மேல் கடைவாயில் கறியை வெட்டுகிற பெரிய பல் பக்கவாட்டில் சீவினாற்போலப் பெயர்ந்தது. நல்லவேளை, உள்ளே நரம்பு வரை போகவில்லை. உடம்பைத் தாங்குகிற கால் எலும்பு பல்லையே உடைக்கிற அளவுக்கு உறுதி. பச்சையாக இருந்தாலும் அதைக் கொடுக்கக் கூடாது. வெந்த எலும்போ எந்த விலங்கினுடையதாக இருந்தாலும் கூர்மையாகச் சிலாம்பு சிலாம்பாக உடையும். தொண்டையையும் குடலையும் கிழிக்கும். பிரியாணி எலும்பை அன்பாகத் தெருநாய்க்குப் போடுகிறவர்கள் இதை மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் மிகவும் மதிக்கிற எதிர்ப்பு எங்கள் கால்நடை மருத்துவருடையது. முதல் நாளே சொல்லிவிட்டார்: "சார், சமைச்சுப் போடுங்க. பச்சையா வேண்டாம்." அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இலேயே இதை ஊக்குவிக்க வேண்டாம் என்று கொள்கையாக அறிவித்தது. காரணம் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள். நாய் நன்றாகவே இருக்கும். அதன் மலத்திலும் வாயிலும் வருகிற கிருமி வீட்டில் இருக்கிறவர்களைப் படுக்க வைக்கும். உறைய வைத்தால் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சால்மோனெல்லா குளிரில் சாகாது, தூங்கும். அதனால் தனிக் கத்தி, தனிப் பலகை, தனி டப்பா. தின்ற இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தண்ணீர் ஊற்றுகிறேன். சாப்பிட்ட பிறகு அவள் வாய்க்குப் பக்கத்தில் யாரும் முகத்தைக் கொண்டுபோவதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கிற நாளில் ஃப்ரீசரைத் திறக்கவே மாட்டேன். ஒருமுறை மறந்து திறந்து மூடித் திறந்து மூடி, சாயங்காலம் பார்த்தால் எல்லாம் இளகி வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஜூன் மாதம்.

கறிக்கடையில் பாய் ஒரு ஆட்டின் நுரையீரலைத் தூக்கிக் காட்டி, "இதை உங்க நாய்க்குக் கூடப் போடாதீங்கண்ணே" என்றார். மேலே திராட்சை அளவில் இரண்டு மூன்று நீர்க்கட்டிகள், வெள்ளைத் தோலோடு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் ஒரு தாளில் வட்டம் போட்டு விளக்கினார். நாய்க் குடலில் சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு நாடாப்புழு வாழும். அதன் முட்டை மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழும். ஆடு மேயும்போது முட்டை உள்ளே போய் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாகும். அந்தக் கட்டியைப் பச்சையாக நாய் தின்றால் மறுபடி புழு. நடுவில் மனிதன் கையில் அந்த முட்டை ஒட்டி வாய்க்குப் போனால், ஆட்டுக்கு வருகிற அதே கட்டி மனிதனின் ஈரலில் வளரும். வெளியே தெரியாமல் வருடக்கணக்காக வளரும். அறுவை செய்து எடுக்கிற அளவுக்கு வளரும்.

ஆறு மாதமாக நான் ஆட்டு உறுப்பைப் பச்சையாகப் போட்டிருந்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டில் எழுபது தாண்டிய அப்பா, அடிக்கடி வந்து போகிற தங்கை மகள். எனக்குப் பிடித்த ஒரு காரியத்துக்காக அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்று நோட்டிலேயே எழுதி வைத்தேன்.

அன்றிலிருந்து ஆட்டு ஈரல், நுரையீரல், சுவரொட்டி எல்லாம் நன்றாக வெந்த பிறகுதான். உறுப்பில் எலும்பு கிடையாது, வேக வைப்பதில் ஆபத்தும் இல்லை. சத்தில் கொஞ்சம் போகும், போகட்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் பிராசிகுவான்டல் மாத்திரை. அந்தப் புழு வளர்ந்து முட்டையிட ஏறத்தாழ அவ்வளவு நாள் ஆகும். அதற்குள் கொன்றுவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். மத்தி மீனும் வேக வைத்துத்தான் போடுகிறேன். சில பச்சை மீன்களில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினை அழிக்கும். வெந்தால் அந்த நொதி செயலிழக்கும். பறவைக் காய்ச்சல் செய்தி கேரளப் பக்கத்திலிருந்து வந்தாலே எங்கள் வீட்டில் கோழியும் அடுப்புக்குப் போய்விடும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிருமி கலந்த பச்சை உணவைத் தின்ற ஒரு வீட்டுப் பூனை அந்தக் காய்ச்சலில் இறந்தது. இதெல்லாம் முழுப் பச்சை உணவே இல்லை என்று தீவிரமானவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

அக்டோபரில் ரத்தப் பரிசோதனை. ஈரல், கிட்னி எண்கள் எல்லாம் வரம்புக்குள். எடை 18.1.

டிசம்பரில் மகள் பிரசவத்துக்கு வந்தாள். அவள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பச்சைக் கறியை நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லவில்லை, கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் அந்தக் கிருமிக்கு இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்து மாதம் எல்லாமே வேக வைத்தது: எலும்பில்லாத கோழி, ஈரல், கொஞ்சம் சோறு, பூசணி. எலும்புக்குப் பதில் முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்து, 450 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி. அதில் ஏறத்தாழ ஒரு கிராம் கால்சியம் கிடைக்கும். சமைத்துப் போட நினைக்கிறவர்கள் இந்த முட்டை ஓட்டை மறக்காதீர்கள்.

அந்த ஐந்து மாதமும் செவலை நன்றாகவே இருந்தாள். எடை 18-லிருந்து அசையவில்லை. மலம் கட்டியாகத்தான் போனது, அளவு மட்டும் கூடியது. "அப்ப பச்சைக் கறியால வந்த சுகம்னு நீங்க சொன்னதெல்லாம்?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பாலை நிறுத்தியதும், வெங்காயத்தை நிறுத்தியதும், நிறுத்து அளந்து போட்டதுமே பாதிக்கு மேல் வேலை செய்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது.

பிறகு ஏன் மே மாதம் திரும்பவும் கழுத்துக்குப் போனேன்? பல்தான் முதல் காரணம். அந்த ஐந்து மாதத்தில் கடைவாய்ப் பல்லில் மஞ்சள் காரை படிந்தது. கழுத்துக்குத் திரும்பிய ஏழெட்டு வாரத்தில் பெரும்பகுதி தேய்ந்து போனது. இரண்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னொன்று அவள் தின்கிற விதம். வெந்த சோற்றை அரை நிமிடத்தில் விழுங்கிவிட்டு அடுத்து என்ன என்று சுற்றிச் சுற்றி வருவாள். கழுத்தை முன்னங்கால்களால் அமுக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்து, கடைவாயால் நறுக் நறுக்கென்று கடிக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. முடித்ததும் வேப்ப மரத்தடியில் போய் நீட்டிப் படுத்துவிடுகிறாள். அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தவன் அதை அவளிடமிருந்து எடுக்க மாட்டான். எனக்கு அந்த வேலையும் சுத்தமும் செலவும் பாரமாகத் தெரியவில்லை. மாதம் 3,000 ரூபாய்க்குள் முடிகிறது.

டாக்டர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலப் பரிசோதனை, வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நோட்டையும் வாங்கிப் பார்ப்பார்.

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி மூன்று மாத லாப்ரடார் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, செவலைக்குப் போடுறத அப்படியே இதுக்கும் எழுதித் தாங்க" என்றார். மாட்டேன் என்றேன். பெரிய இனக் குட்டிகளின் உடம்பு தேவைக்கு மேல் வருகிற கால்சியத்தைத் தள்ளத் தெரியாதது. கூடினாலும் குறைந்தாலும் வளர்கிற எலும்பு கோணும். அந்தக் கணக்கு என் நோட்டில் இல்லை. டாக்டர் சொன்ன குட்டி உணவே ஒரு வருடம் போகட்டும், பால் சோறும் பிரியாணி எலும்பும் மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு என்னோடு கறிக்கடைக்கு வருகிறேன் என்கிறார். நீர்க்கட்டி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.