அந்தக் கிளிக்கைத் தட்டியது யார்?

ஆன்லைன் விளம்பரத்தில் விழும் கிளிக்குகள் எல்லாம் மனிதர்கள் தட்டியவை அல்ல; சில, மோசடிக்காக புரோகிராம்கள் போடும் போலிக் கிளிக்குகள். அதனால் விளம்பரத்துக்குக் காசு கட்டுபவர்கள் டாஷ்போர்டோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தளத்துக்கு வந்தவர்களின் பதிவேடான சர்வர் லாக்கைத் திறந்து பாருங்கள். நொடி பிசகாத இடைவெளியில் கிளிக்குகள், எல்லாம் ஒரே பழைய பிரவுசர் பதிப்பு, வந்தவர் அடுத்த பக்கத்துக்குப் போகவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணைத் தேடினால், சர்வர்கள் அடுக்கிய ஏதோ டேட்டா சென்டர். அங்கே உட்கார்ந்து யார் பொருள் வாங்கப் போகிறார்கள்?

வீட்டு ஐபி என்றாலும் நம்பிவிட முடியாது. 2018-ல் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்ட 'ஈவ்' (3ve) என்ற விளம்பர மோசடியில், 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் மால்வேர் என்ற கேடு செய்யும் மென்பொருள் புகுந்திருந்தது. கணினிக்குச் சொந்தக்காரருக்கே தெரியாமல் அது விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காகக் கண்ணில் பட்ட ஐபியையெல்லாம் பிளாக் செய்யாதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஏராளமானோர் ஒரே ஐபியில் வருவார்கள், நிஜ வாடிக்கையாளரும் வெளியே போய்விடுவார். ஐபி, நேரம், சாதனம் மூன்றும் சேர்ந்து உதைக்கிறதா என்று பாருங்கள்.

கூகுள் ஆட்ஸில் 'செல்லாத கிளிக்குகள்' விவரத்தையும் ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். போலி என்று கூகுளே கழித்தது அதில் தெரியும். அதில் தப்பியவற்றுக்கு லாக்கோடு கூகுளிடம் விசாரணை கேளுங்கள். லாக்கை மட்டும் அழித்துவிடாதீர்கள்.