பிக்கிங்கில் இருந்து டீம் லீடர் வரை: சூளகிரி குடோன் அனுபவம்

சூளகிரி பக்கம், தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய ஒரு பெரிய குடோனில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். பிக்கிங் வேலை. கையில் ஸ்கேனர், கூடவே டிராலி, ரேக் ரேக்காகப் போய்ப் பெட்டி எடுத்து வரணும். இப்போது அதே குடோனில் டீம் லீடர். காவேரிப்பட்டணம், குருபரப்பள்ளி, பர்கூர் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற தம்பிகள் பலர் “எப்படிண்ணா ஆனீங்க?” என்று கேட்கிறார்கள். பஸ்ஸில் நின்றபடி முழுசாகச் சொல்ல முடிவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பிக்கிங்கில் நான் நல்ல வேகம். அது போதும் என்றுதான் நிறைய பேர் நம்புகிறார்கள். எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் ஒருநாள் நேராகவே சொன்னார்: “வேகமா எடுக்கிற ஆளு எனக்கு நிறைய இருக்காங்க தம்பி. ஸ்டாக் ஏன் குறையுதுன்னு சொல்ற ஆளுதான் கிடைக்கல.” எனக்கு வழி காட்டியது அந்தப் பேச்சுதான்.

இன்வென்டரி டெஸ்கில் தர்மபுரியைச் சேர்ந்த ஒரு அக்கா இருந்தார். ஷிப்ட் முடிந்ததும் அவர் எடுக்கிற சைக்கிள் கவுன்ட்டில் (ரேக்கில் இருக்கிற சரக்கை எண்ணி சிஸ்டக் கணக்கோடு ஒப்பிடுவது) நானும் சேர்ந்துகொண்டேன். சிஸ்டத்தில் 40 பெட்டி, ரேக்கில் 38 என்று வரும். அந்த ரெண்டு எங்கே போனது? பெரும்பாலும் திருட்டு இருக்காது. பக்கத்து பின்னில் (ரேக்கில் சரக்கு வைக்கிற அறை) மாற்றி வைத்திருப்பார்கள். உடைந்த பெட்டியை டேமேஜ் ஏரியாவுக்குத் தள்ளிவிட்டு என்ட்ரி போடாமல் விட்டிருப்பார்கள். திரும்பி வந்த சரக்கு கதவோரமே கிடக்கும். பெட்டிக் கணக்கில் வந்ததை யாரோ பீஸ் கணக்கில் ஏற்றியிருப்பார்கள். இப்படிக் காரணத்தைத் தேடித் தேடித்தான் சரக்கு உள்ளே வருவதிலிருந்து வண்டி ஏறுவது வரைக்கும் மொத்த ஓட்டமும் எனக்குப் பிடிபட்டது. எக்செல்லில் விலுக்கப் (ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுப்பது), பிவட் டேபிள் (பெரிய பட்டியலைச் சுருக்கிக் கூட்டிக் காட்டுவது) இரண்டையும் அக்காவே உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு நான் ரொம்பவே கடன்பட்டிருக்கிறேன்.

டிஸ்பேட்ச் பேப்பர்களையும் பார்க்கப் பழகினேன். இது எங்கள் ஏரியாவுக்கு ரொம்ப முக்கியம். ஓசூர் தாண்டினால் கர்நாடகா. மாநிலம் தாண்டுகிற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனாலே இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் ஆன்லைனில் எடுக்கிற சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போனால் வரம்பு 1 லட்சம். சாதாரண வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று பில்லின் ஆயுளைக் கணக்கிடுவார்கள். வண்டி மாறினால் பில்லில் வண்டி நம்பரையும் மாற்றணும். டாக்கில் (வண்டியில் சரக்கு ஏற்றி இறக்குகிற இடம்) நிற்கிற டீம் லீடர் இதைக் கவனிக்காவிட்டால் வழியில் டிரைவர்தான் மாட்டிக்கொள்வார்.

போர்டில் வேகன்சி நோட்டீஸ் ஒட்டியதும் எச்.ஆரிடம் போய், கான்ட்ராக்ட் ஆள் விண்ணப்பிக்கலாமா, தேர்வானால் கம்பெனி ரோலா (கம்பெனியின் நேரடி ஊழியரா) என்று இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் எழுதிக்கொடுத்தேன். எக்செல் டெஸ்ட் சுலபமாக முடிந்தது. நேர்காணலில் கேட்ட முக்கியமான கேள்வி: “நாலு பேர் வரல. மூணு வண்டி நிக்குது. எதை முதல்ல ஏத்துவீங்க?” டெலிவரி நேரம் எதற்கு நெருக்கமோ அதை முதலில், பக்கத்து ஓசூர் வண்டியைக் கடைசியில் என்றேன். ஆள் குறைகிறது என்பதற்காகப் பயிற்சி இல்லாதவரை ஃபோர்க்லிஃப்டில் ஏற்ற மாட்டேன் என்றும் சொன்னேன். இந்தி பேசுவீர்களா என்று கேட்டார்கள். பீகார், ஒடிசா தம்பிகளோடு வேலை செய்து பழகிய இந்தி கைகொடுத்தது.

பதவி வந்தபிறகு கஷ்டமான இடம், நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்களிடம் வேலை சொல்வது. எங்கள் டீமில் என் அப்பா வயதையொட்டிய ஒருவர் இருக்கிறார். அவரை முன்பு கூப்பிட்டபடியே “அண்ணா, இன்னிக்கு இந்த டாக்கை நீங்க பாத்துக்குங்க” என்றுதான் சொல்கிறேன். அவர் ஒப்புக்கொண்டதைப் பார்த்து மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மாங்காய் சீசனில் தோப்பு வைத்திருக்கிற வீட்டுப் பையன்கள் லீவு போடுவார்கள். அதை மே மாதத்திலேயே கேட்டு எழுதி வைத்துவிடுகிறேன்.

சம்பளத்தில் ஒன்று அவசியம் பாருங்கள். 21,000 ரூபாய் தாண்டினால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) நின்றுவிடும். உடனே நிற்காது; ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இருக்கிற பங்களிப்புக் காலம் முடியும்வரை தொடரும். அதற்குள் கம்பெனி இன்ஷூரன்சில் அப்பா அம்மா வருகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். எனக்கு மனைவி, குழந்தைகள் மட்டும்தான் வந்தார்கள்; அம்மாவுக்குத் தனியாக பாலிசி எடுத்தேன். ஓவர்டைம் நின்றுபோனால் கைக்கு எவ்வளவு வரும் என்பதையும் பழைய சம்பளச் சீட்டை வைத்துக் கூட்டிப் பாருங்கள். பி.எஃப். பழைய யு.ஏ.என். நம்பரிலேயே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) தொடரச் சொல்லுங்கள். கான்ட்ராக்டரிடம் இருந்த பணம் புதுக் கணக்குக்கு மாறிவிட்டதா என்று பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.