“இல்லைங்க” என்று சொன்ன நாள்

“விஷம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க தம்பி” என்றார், தன் காபியைச் சோதிக்க எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த விவசாயி. “இல்லைங்க” என்றேன். திரையில் நின்ற எண், நஞ்சே இல்லாத வெறும் பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) காட்டும் எண்ணைவிட மூன்று நான்குதான் கூடுதல். கருவி காட்டியதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் வாதாடலாம். எனக்கு நானே பலமுறை வாதாடியும் பார்த்துவிட்டேன்.

ஏற்காட்டுச் செர்ரி காபி அது, பழத்தைத் தோலோடு அப்படியே காயவைப்பது. நவம்பர் மழைக்கு இரண்டு நாள் தார்ப்பாய்க்குள் புழுங்கிக் கிடந்தது. இப்படிக் காயாமல் கிடக்கும் பழத்தில்தான் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஏறி ஓக்ராடாக்ஸின் ஏ-யை விட்டுப்போகும். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. வறுத்த காபியில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த ஐரோப்பிய ஒன்றியம், 2023 முதல் அதை 3 ஆக இறக்கிவிட்டது.

இந்த நஞ்சுக்குத் தானாகவே ஒளிரும் குணம் உண்டு. 333 நானோமீட்டர் ஒளி பட்டால் நீலமாக மின்னும். ஆனால் பச்சைக் கொட்டையின் எடையில் நூற்றுக்கு ஆறு முதல் பத்து வரை குளோரோஜெனிக் அமிலம். அது 325 நானோமீட்டரை ஒட்டியே ஒளியை விழுங்கும், விழுங்கியதில் கொஞ்சத்தை நீலமாகக் கக்கவும் செய்யும். அந்த வெளிச்சத்துக்கு நடுவே நஞ்சின் மினுக்கலைத் தேட முடியாது.

அதற்குத்தான் ஆப்டமர், அதாவது இந்த நஞ்சைத் தேடிப் பிடிக்கிற டிஎன்ஏ இழை. 2008-இல் வெளியானது, 36 எழுத்து நீளம். இழையின் ஒரு நுனியில் ஃபாம் (FAM) என்ற ஒளிரும் சாயம், அதோடு ஜோடி சேர்ந்த குட்டி எதிரிழையில் ஒளியணைப்பான். நஞ்சு வந்து ஒட்டினால் இழை மடங்கிக்கொள்ளும், எதிரிழை கழன்றுவிடும், 494 நானோமீட்டரில் தூண்டிய சாயம் 520-இல் பச்சையாக ஒளிரும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டால்தான் வலி தெரியும். 5 கிராம் பொடி, 25 மில்லி மெத்தனால்-தண்ணீர், எழுபதுக்கு முப்பது. கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் உள்ள காபி என்றால் சாற்றில் மில்லிக்கு 1 நானோகிராம், அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில் சொன்னால் சுமார் 2.5 நானோமோலார் செறிவு. இழைகளில் பாதி மடங்கவே 200 நானோமோலார் வேண்டும். 2.5-இல் நூற்றுக்கு ஒன்று மடங்கினால் அதிகம். எதிரிழை சரியாக ஒட்டாததால் எப்போதும் கொஞ்சம் கசிகிற ஒளியில் அந்த ஒன்று மறைந்துபோகும்.

அதனால் மெத்தனாலையும் தண்ணீரில் பெரும்பகுதியையும் ஆவியாக்கி, சாற்றைப் பத்தில் ஒன்றாகச் சுண்டவைத்தேன். அது தப்பான முடிவு என்று இப்போதும் எனக்கு முழுசாகத் தோன்றவில்லை. பத்தில் ஓர் இழையாவது மடங்கும் என்று பார்த்தேன். நஞ்சோடு அமிலமும் பத்து மடங்காகும் என்பதும் தெரியும். ஆனால் பஃபர் வெறும் 10 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 8.5. அவ்வளவு அமிலத்தை அது எப்படித் தாங்கும்? பிஎச் 6.4 அளவுக்கு இறங்கினால் ஃபாமின் பச்சை பாதியாகிவிடும். சாயம் மங்க, காபியின் சொந்த ஒளிர்வு அந்த இடத்தை நிரப்ப, இரண்டு பிழையும் கைகோத்துக்கொண்டு ஒரு நல்ல எண்ணாக உட்கார்ந்திருக்கலாம். எவ்வளவு நஞ்சுக்கு எந்த எண் என்று காட்டும் அளவுக்கோட்டையும் நான் சுத்தமான பஃபரில்தான் போட்டிருந்தேன், காபிச் சாற்றில் அல்ல.

இரண்டு குவெட் (கருவியில் வைக்கும் சின்னக் குப்பி) கூடுதலாக வைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றில் ஆப்டமர் இல்லாத சாறு, இன்னொன்றில் தெரிந்த அளவு நஞ்சு கலந்த சாறு. கலந்த அளவைக் கருவி திருப்பிக் காட்டுகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் பிடிக்கும். அவருக்கு மலை பஸ் இருந்தது, இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே வீடு. “இல்லைங்க” என்பது அந்த பஸ்ஸுக்காகச் சொன்னதோ என்று சில நாள் தோன்றுகிறது.

மறுநாள் ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த சாற்றில் நஞ்சைக் கலந்து பார்த்தேன். பாதிகூடத் திரும்பி வரவில்லை. பிஎச் தாள் மஞ்சளைத் தாண்டவே இல்லை, சாறு அமிலமாகவே இருந்தது. ஃபோன் போட்டேன். “வித்தாச்சுங்க தம்பி, உங்களைக் கேட்டுத்தானே” என்றார்.

மேல்தோலில்தான் நஞ்சு அதிகம், மில்லில் தோலெடுக்கும்போது கணிசமாகக் கழிந்துவிடும், போதாததற்கு நல்ல காபியோடு கலந்துதான் போகும் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதில் தோலைப் பற்றியது உண்மைதான். ஆனால் கலப்பதைச் சமாதானமாகச் சொல்லும்போது எனக்கே கூசுகிறது. கருவியைப் போடுவதற்கு முன்னாலேயே அவர் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து, பையில் திருப்பிப் போட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். புளித்த வாடை எனக்கும் வந்தது. அந்த மூக்கை நம்பியிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஆனால் மூக்கைக் காட்டி ஒருவருடைய வருஷத்து விளைச்சலைக் கழிக்கச் சொல்ல முடியுமா?

இப்போது நஞ்சைப் பிடித்துவைக்கும் ஆன்டிபாடி நிரப்பிய குழாயில் சாற்றை விட்டு, இரண்டு தரம் தண்ணீரால் கழுவி, 1.5 மில்லி மெத்தனாலில் நஞ்சை மட்டும் இறக்கி எடுக்கிறோம். அமிலம் கழுவிய தண்ணீரோடு போய்விடுகிறது. டிரிஸ் 50 மில்லிமோலார். கலந்து பார்க்கும் குவெட் இல்லாமல் எண் எழுதுவதில்லை. முடிவையும் “இல்லை” என்று எழுதாமல் “கருவிக்குத் தெரியும் அளவுக்குக் கீழ்” என்றுதான் எழுதுகிறேன். படித்துவிட்டு, “அப்போ இருக்கா இல்லையாங்க?” என்று கேட்கிறார்கள். மாதிரியை வைத்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னால், சிலர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறார்கள்.