அறுபது வீடுகள்

இன்று காலை ரங்கூன் காளியம்மன் கோயில் வாசலில் நின்றிருந்தபோது, சிவகங்கைச் சீமையிலிருந்து அத்தை காணொலி அழைப்பில் வந்தார். ஒரு கையில் கைபேசி, மறு கையில் சேறு அப்பிய செருப்பு.

பேருந்து நிற்கும் விலக்குக்கு நடந்துகொண்டிருந்தார்.

“நடந்து பழகிடுச்சு தம்பி, மாத்திரை தீர்ந்ததுதான் கவலை” என்றார்.

1964இல் பர்மாவை விட்டுக் கப்பலேறிய குடும்பம் அவருடையது.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் எத்தனையோ ஊர்களுக்கு வழி திறந்திருக்கிறது. ஆனால் சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் வாழும் குடியிருப்புகளே அதன் அளவுகோல். 2024இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டமும் 2011 கணக்கெடுப்பின்படி அதே எண்ணைத்தான் கேட்கிறது.

அத்தையின் ஊரில் அறுபது வீடுகள். பாதி பூட்டிக் கிடக்கின்றன. பேருந்து வராததால் இளையவர்கள் திருப்பூருக்குப் போனார்கள். அவர்கள் போனதால் தலைக்கணக்கு குறைந்தது. தலைக்கணக்கு குறைந்ததால் சாலை எட்டாமலே போகிறது. மருத்துவமனை அதிகம் தேவைப்படும் முதியவர்களே அங்கே எஞ்சியிருக்கிறார்கள் என்பதை என் மனம் பொறுக்கவில்லை.

கண்மாய்க்கரை ஏறியதும் அத்தை மூச்சு வாங்க நின்றார். தூரத்தில் பேருந்தின் ஒலி கேட்டது. செருப்பை மாட்டாமலேயே ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டார்.