யாரை அனுப்புவது என்பதில்தான் பாதி வேலை

இரண்டு அண்டை நாடுகளுக்கு நடுவே பழைய பிணக்கு ஒன்று கிடந்தால் எல்லோரும் முதலில் வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். எந்த ஒப்பந்தம் என்ன சொல்கிறது, எந்த ஆண்டில் யார் கையெழுத்துப் போட்டார்கள், எல்லாம் முக்கியம்தான். ஆனால் பேச யாரை அனுப்புவது என்ற கேள்விக்கு அதில் பாதி அக்கறைகூடக் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். இதைப் பேசும்போதெல்லாம் எனக்கு அர்ஜென்டினா–சிலி விவகாரம்தான் நினைவுக்கு வரும்.

தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில், பீகிள் நீரிணையின் கிழக்கு வாயில், பிக்டன், நுவேவா, லென்னாக்ஸ் என்று மூன்று சின்னத் தீவுகள். குளிரும் காற்றும் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் தீவு யாருடையதோ, சுற்றியுள்ள கடலும் அவர்களுடையது என்று ஆகிவிடும், அண்டார்டிகா மீதான உரிமைப் பேச்சும் அதோடு சேர்ந்து வரும். 1881ல் போட்ட எல்லை ஒப்பந்தம் நீரிணைக்குத் தெற்கே உள்ள தீவுகள் சிலிக்கு என்று சொல்லிவிட்டு, அந்த நீரிணை எந்தப் பக்கமாகப் போய் முடிகிறது என்பதைத் தெளிவாக்காமல் விட்டது. அட்லாண்டிக் எங்களுக்கு, பசிபிக் உங்களுக்கு, இதுதானே பேச்சு என்றது அர்ஜென்டினா.

1971ல் இரு நாடுகளும் இதைப் பிரிட்டிஷ் அரசின் பெயரில் நடக்கும் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோயின. அமர்ந்தவர்கள் சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஐந்து பேர். 1977 மே மாதம் தீர்ப்பு வந்தது: மூன்று தீவுகளும் சிலிக்கே. சட்டப்படி பார்த்தால் நல்ல தீர்ப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அது எலிசபெத் அரசியின் பெயரில் வந்தது. ஃபாக்லாந்து தீவுகளை 1833ல் பிரிட்டன் எங்களிடமிருந்து பறித்துக்கொண்டது என்று தலைமுறை தலைமுறையாகக் குமுறுகிற நாடு அர்ஜென்டினா. தன் வயலை வளைத்துப்போட்டவன் என்று ஒருவன் நம்புகிற ஆளையே அவனுடைய வேலித் தகராறுக்கு நாட்டாமையாக உட்காரவைத்தால் தீர்ப்பு எவ்வளவு நேர்மையாக இருந்து என்ன பயன்? 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவித்துவிட்டது.

இத்தனைக்கும் 1902ல் இதே இரண்டு நாடுகளும் ஏழாம் எட்வர்ட் மன்னரின் எல்லைத் தீர்ப்பை ஏற்று, 1904ல் ஆண்டிஸ் மலை எல்லையில் கிறிஸ்து சிலை வைத்துக் கொண்டாடியவைதான். ஒரு காலத்தில் பொருந்திய நடுவர் இன்னொரு காலத்தில் பொருந்தாமல் போகலாம். இதை யோசித்துப் பார்க்க 1971ல் யாருக்கும் தோன்றவில்லையா, அல்லது தோன்றியும் பழைய வழக்கமே போதும் என்று விட்டார்களா?

சரி, அப்புறம் நடந்தது பயங்கரம். அர்ஜென்டினாவில் விதேலா, சிலியில் பினோசே, இரண்டும் ராணுவ ஆட்சி. 1978 டிசம்பர் 22ஐ ஒட்டித் தீவுகளில் இறங்க அர்ஜென்டினாவின் படை தயாராகக் கடலில் நின்றது. போப் ஆகி இரண்டே மாதமான இரண்டாம் ஜான் பால், என் தூதரை அனுப்புகிறேன், பொறுங்கள் என்று இரு தரப்புக்கும் சொல்லி அனுப்பினார். படை திரும்பியது.

அவர் தேர்ந்தெடுத்த ஆள் கர்தினால் அந்தோனியோ சமோரே. வயது 73. அப்போது பார்த்துக்கொண்டிருந்தது வத்திக்கானின் நூலகமும் ஆவணக் காப்பகமும். பெயர் கேட்டால் உலகம் நிமிர்ந்து உட்காரும் ஆள் இல்லை. ஆனால் கொலம்பியாவில் போப்பின் தூதராக இருந்தவர், வத்திக்கானின் வெளியுறவு வேலைகளில் பல ஆண்டு ஊறியவர், ஸ்பானிய மொழியில் நேரடியாகப் பேசக்கூடியவர். அவரை அனுப்பிய வத்திக்கானுக்கு அந்தக் கடலில் ஒரு மைல்கூடத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கத்தோலிக்க நாடுகள் என்பதால், அவர் சொல்லி ஒரு தளபதி பின்வாங்கினால் உள்ளூரில் அதைக் கோழைத்தனம் என்று யாரும் ஏசமுடியாது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பகை நாட்டிடம் இறங்கிப் போக முடியாதவன்கூட இன்னொரு பெரிய மனிதரிடம் இறங்கிப் போகலாம்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் போய் இறங்கியவர் புவனோஸ் ஐரிஸுக்கும் சாண்டியாகோவுக்கும் மாறி மாறிப் பறந்தார். தீவு யாருக்கு என்ற பேச்சுக்கே அவசரப்படவில்லை. 1979 ஜனவரி 8 அன்று உருகுவேயின் மொண்டேவீடியோவில் இரு வெளியுறவு அமைச்சர்களும் போப்பை மத்தியஸ்தராக இருக்கும்படி கேட்டுக் கையெழுத்திட வந்தபோது, சமோரே அதோடு ஒரு நிபந்தனையையும் வைத்தார். பலத்தைப் பயன்படுத்த மாட்டோம், படைகளைப் படிப்படியாக 1977 தொடக்கத்தில் இருந்த நிலைக்குக் கொண்டுபோவோம், உறவைக் கெடுக்கும் காரியம் எதையும் செய்யமாட்டோம் என்று எழுத்தில் தரவேண்டும். தந்தார்கள்.

1980 டிசம்பரில் போப்பின் யோசனை வந்தது. அதிலும் தீவுகள் சிலிக்குத்தான்! கடலில் மட்டும் அர்ஜென்டினாவுக்கு இடம் விடப்பட்டிருந்தது. சிலி சரி என்றது, அர்ஜென்டினா பதிலே சொல்லாமல் இழுத்தது. 1983 பிப்ரவரியில் சமோரே காலமானார், முடிவைப் பார்க்காமலேயே. பிறகு அர்ஜென்டினாவில் அல்ஃபோன்சின் தேர்தலில் வென்று அதிபராக வந்தார், பேசி முடித்த உடன்பாட்டை ஏற்கலாமா என்று 1984 நவம்பர் 25ல் மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார், எண்பது சதவீதத்துக்கும் மேல் ஆம் என்றார்கள். நான்கே நாளில் வத்திக்கானில் ஒப்பந்தம்.

பிரிட்டனுடனான ஃபாக்லாந்து போரில் தோற்று அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி கவிழ்ந்ததால்தான் இது நடந்தது, பாதிரியார் என்ன செய்தார் என்று சிலர் கேட்கிறார்கள். ஆட்சி மாற்றம் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாற்றம் வரும்வரை ஐந்து ஆண்டு, நடுவில் ஒரு போரே வந்துபோன பிறகும், பேச்சை முறியாமல் வைத்திருந்தது சமோரே போட்டுவைத்த அந்தப் பேச்சுவார்த்தை மேசைதான். அது இல்லாவிட்டால் அல்ஃபோன்சின் எதை வைத்து வாக்கெடுப்பு நடத்தியிருப்பார்?

அடுத்த தகராறில் இரு நாடுகளும் ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தன. லகுனா டெல் டெசியர்ட்டோ என்ற மலை ஏரிப் பகுதி, 1965ல் சிலியின் காவல் அதிகாரி ஒருவர் சுடப்பட்டு இறந்த இடம். 1991ல் அதை நடுவர் மன்றத்துக்கு அனுப்பியபோது ஐந்து பேரும் லத்தீன் அமெரிக்கச் சட்ட அறிஞர்கள், கொலம்பியா, வெனிசுலா, எல் சால்வடோர், அப்புறம் இரு நாட்டிலிருந்தும் ஒவ்வொருவர். 1994ல் தீர்ப்பு அர்ஜென்டினா பக்கம் போனது. சிலி கசந்தது, மறுபரிசீலனை கேட்டது, அது தள்ளுபடியானது, ஏற்றுக்கொண்டது.