ஓய்ந்திருக்கும் இயந்திரம்: செயல்பாட்டு மேலாண்மையின் முதல் பருவம்

உற்பத்தி மற்றும் செயல்பாட்டு மேலாண்மையின் அறிமுகப் பாடத்தை நடத்தும் ஒவ்வொரு பருவத்திலும், முதல் வகுப்பில் வரையறை எதையும் சொல்லாமல் ஒரு சிறு கணக்கைத்தான் பலகையில் எழுதுகிறேன். ஒரு பொருள் மூன்று கட்டங்களைக் கடந்து முழுமை பெறுகிறது. வெட்டுவதற்கு 4 நிமிடம், துளையிடுவதற்கு 6 நிமிடம், சரிபார்ப்பதற்கு 5 நிமிடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இயந்திரம், ஓர் ஆள். மணிக்கு எத்தனை பொருள்கள் வெளிவரும் என்று கேட்டால், மூன்றையும் கூட்டிப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று, ஆகவே மணிக்கு 4 என்பார்கள் சிலர். சராசரி எடுத்து மணிக்கு 12 என்பார்கள் வேறு சிலர். விடை 10. மூன்று கட்டங்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பொருள்களில் வேலை செய்துகொண்டிருப்பதால், எல்லாவற்றிலும் மெதுவான கட்டம் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் கடைசியில் வெளியே வரும். தொழிற்சாலைகளில் பாட்டில்நெக் என்று சொல்வது இதைத்தான்.

இதுவரை வகுப்பில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அடுத்த கேள்வியில்தான் சண்டை தொடங்கும். வெட்டும் இயந்திரத்தை மாற்றி, 3 நிமிடத்தில் வெட்டும் புதிய இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டோம். இப்போது என்ன ஆகும்? உற்பத்தி கூடும் என்று பாதி வகுப்பாவது கை தூக்கும். உண்மையில் மணிக்கு அதே 10 பொருள்கள்தான் வெளிவரும். பழைய இயந்திரம் ஓயாமல் ஓடினால் மணிக்கு 15 துண்டுகளை வெட்டித் தள்ளும். துளையிடும் இடம் 10 மட்டுமே எடுத்துக்கொள்ளும். 8 மணி நேர வேலைமுறை (ஷிப்ட்) முடியும்போது இடையில் 40 துண்டுகள் குவிந்திருக்கும். புதிய இயந்திரம் மணிக்கு 20 வெட்டும். மாலையில் குவியல் 80 ஆகும். அந்த எண்பதும் துளையிட்டு முடிய மேலும் 8 மணி நேரம் வேண்டும். பணம் செலவழித்து நாம் வாங்கியது ஒரு பெரிய குவியலை மட்டுமே.

அப்படியானால் வெட்டுகிறவர் ஒவ்வொரு மணியிலும் பாதி நேரம் சும்மா இருக்க வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். ஆம், சும்மா இருக்க வேண்டும், அல்லது வேறு கட்டத்துக்குக் கை கொடுக்க வேண்டும் என்று சொன்னால் வகுப்பு அதை எளிதில் ஏற்பதில்லை. இந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஓய்ந்திருக்கும் ஆளும் ஓய்ந்திருக்கும் இயந்திரமும் வீண் என்றுதான் நாம் அனைவரும் பழகியிருக்கிறோம். கணக்குப் பதிவேடுகளும் பெரும்பாலும் அதையே சொல்லிக்கொடுக்கின்றன. இந்தப் பாடத்தின் ஒரு பருவம் முழுவதும் அந்த ஒரு பழக்கத்தோடு நடத்தும் வழக்கு என்பதே என் எண்ணம். பாடநூல்கள் வரலாறு, உத்தி, முன்கணிப்பு, இடத்தேர்வு என்று ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போய், வரிசைகளையும் காத்திருப்பையும் பின்னிணைப்பில் வைத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. நான் அவற்றைத்தான் முன்னே கொண்டுவருகிறேன்.

இரண்டாம் வாரத்தில் லிட்டில் விதி வருகிறது. ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, அவை உள்ளே வரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே கழிக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம் என்பதே அந்த விதி. இதற்கு 1961இல் ஜான் லிட்டில் முறையான நிறுவலைத் தந்தார். பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும் இந்தப் பெருக்கல் வாய்பாட்டின் வலிமை, அது எதையெல்லாம் கேட்பதில்லை என்பதில் இருக்கிறது. யார் முன்னால் போகிறார்கள், சேவைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, உள்ளே எத்தனை கிளைகள் இருக்கின்றன என்பவை எதுவும் அதற்குத் தேவையில்லை. நீண்ட காலப் போக்கில் வருவதும் போவதும் ஈடாக இருந்தால் போதும். ஓர் அலுவலகத்துக்கு நாளொன்றுக்கு 40 விண்ணப்பங்கள் வருகின்றன, அங்கே எந்த நாளில் பார்த்தாலும் சுமார் 600 நிலுவையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விண்ணப்பம் அங்கே சராசரியாக 15 நாள் கிடக்கிறது என்று, எந்தக் கோப்பையும் திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். விண்ணப்பத்தின் மேல் செய்யும் வேலை பத்து நிமிடமாக இருந்தாலும் இதுதான் விடை.

இதே விதியைத் திருப்பிப் போட்டால் டொயோட்டாவின் கன்பான் அட்டைகள் புரிந்துவிடும். தைச்சி ஓனோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அந்த முறையில், அடுத்த கட்டம் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அட்டையைத் திருப்பி அனுப்பினால்தான் முந்தைய கட்டம் அடுத்த பெட்டியைச் செய்யத் தொடங்கும். அட்டை இல்லாவிட்டால் இயந்திரம் நிற்க வேண்டியதுதான். அட்டைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் இடையில் நிற்கும் சரக்குக்கும் வரம்பு வந்துவிடுகிறது. வெளியேறும் வேகம் மாறாமல் இருப்பு குறைந்தால், லிட்டில் விதியின்படி ஒரு பொருள் உள்ளே கழிக்கும் நேரமும் குறைந்தே ஆக வேண்டும். முதல் வகுப்பில் வெட்டுகிறவர் சும்மா இருக்கக் கூடாது என்று வாதாடிய மாணவர்களில் சிலர் இந்த இடத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பதுண்டு.

அடுத்து வருவது வரிசைக் கோட்பாடு. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் மாணவர்கள் மிகவும் அஞ்சும் பகுதியும் இதுதான். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் வேர் இருக்கிறது. ஒரே ஒரு சேவையாளர். வருகிறவர்கள் முன்பின் தொடர்பின்றி வருகிறார்கள். ஒருவருக்குச் சேவை செய்யச் சராசரியாக 10 நிமிடம் ஆகிறது, அந்த நேரமும் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுகிறது. இந்த எளிய மாதிரியில் சேவையாளர் பாதி நேரம் மட்டுமே வேலையில் இருந்தால், வருகிறவர் சராசரியாக 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். 80 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தால் காத்திருப்பு 40 நிமிடம். 90 என்றால் 90 நிமிடம். 95 என்றால் 190 நிமிடம். 90இலிருந்து 95க்குப் போகும்போது சேவையாளரிடமிருந்து கூடுதலாகக் கிடைத்தது ஐந்து விழுக்காட்டு உழைப்பு. வரிசையில் நிற்கிறவர் கொடுத்த விலை மேலும் நூறு நிமிடம். நூறு விழுக்காட்டைத் தொட்டால் வரிசைக்கு முடிவே கிடையாது. இந்த எண்களை வரைபடத் தாளில் கையாலேயே குறிக்கச் சொல்கிறேன். கணினியில் வரைந்தால் அந்த வளைவு செங்குத்தாக எழும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை.

இந்தக் காத்திருப்பு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. வேலைப்பளு அதிகம் என்பதால் மட்டும் அது வருவதில்லை. அதே 90 விழுக்காட்டில், ஒவ்வொருவருக்கும் சரியாகப் பத்து நிமிடம்தான் ஆகும் என்று வைத்துக்கொண்டால் காத்திருப்பு 45 நிமிடமாக, அதாவது பாதியாகக் குறைகிறது. வருகிறவர்களும் கடிகாரம் வைத்தாற்போல் சம இடைவெளியில் வந்தால் காத்திருப்பே இல்லை. ஆக, பளுவும் ஏற்ற இறக்கமும் சேர்ந்து பெருக்கிக்கொள்ளும்போதுதான் வரிசை பிறக்கிறது. இதைத் தோராயமான ஒரே வாய்பாடாகக் கிங்மன் வெளியிட்டதும் அதே 1961இல்தான். ஒரே ஆண்டில் இந்தத் துறைக்கு இரண்டு நல்ல வாய்பாடுகள் கிடைத்திருக்கின்றன.

வரலாற்றை இந்த இடத்தில்தான் சொல்கிறேன். ஃபோர்டு நிறுவனம் 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்ப்ளி லைனைக் கொண்டுவந்தபோது, மாடல் டி வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்ட ஏறத்தாழ பன்னிரண்டரை மணி ஆகிக்கொண்டிருந்தது, அடுத்த ஆண்டுக்குள் சுமார் ஒன்றரை மணியாகக் குறைந்தது. வழக்கமாக இதற்கான பெருமை நகரும் பட்டைக்குப் போகிறது. ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய உதிரிபாகங்களும், ஒரே மாதிரி வண்டியை மட்டும் செய்வது என்ற பிடிவாதமும் இல்லாமல் அந்தப் பட்டை ஒரு மணி நேரம்கூட ஒழுங்காக ஓடியிருக்காது என்று நான் நினைக்கிறேன். அதற்குச் சற்று முன்பு, 1911இல், டெய்லர் தம்முடைய அறிவியல் மேலாண்மைக் கோட்பாட்டை நூலாக வெளியிட்டிருந்தார். நிறுத்தற்கடிகாரத்தோடு ஒவ்வொரு வேலையையும் அளந்தவர் அவர். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் பொருள் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பது அவருடைய கடிகாரத்தில் பெரிதாக விழவில்லை.

இருப்பு மேலாண்மைக்கு மூன்று வாரம் ஒதுக்குகிறேன். ஒரு முறைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்கான வாய்பாட்டை ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் 1913இல் வெளியிட்டார்; கார் நிறுவனத்துக்கும் அவருக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. ஆண்டுத் தேவை 3,600; ஒரு முறை வாங்குவதற்கான செலவு 50; ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்கும் செலவு 4. இரண்டு, தேவை, வாங்கும் செலவு மூன்றையும் பெருக்கி, வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 300 வருகிறது. ஆண்டுக்கு 12 முறை வாங்கினால் அதற்கு 600, சராசரியாக 150 பொருள்களை வைத்திருப்பதற்கு 600, மொத்தம் 1,200. மாணவர்கள் இந்த விடையைக் கட்டம் போட்டுக் காட்டிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். நான் அதற்குப் பிறகு கேட்பது: 300க்குப் பதிலாக 450 வாங்கிவிட்டால் எவ்வளவு நட்டம்? மொத்தச் செலவு 1,300. ஒன்றரை மடங்கு பிசகியும் எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் கூடியிருக்கிறது. இந்த வாய்பாட்டில் மூன்றாவது தசம இடம் வரை கணக்கிடுவது நேரத்தை வீணாக்குவதுதான். அதைவிடப் பயனுள்ள கேள்வி, அந்த 50 ஏன் 50 ஆக இருக்க வேண்டும் என்பது. அதைக் கால்வாசியாக்கினால் வாங்கும் அளவு 150 ஆகவும் மொத்தச் செலவு 600 ஆகவும் பாதியாகிவிடுகின்றன. பொருளை வாங்காமல் தானே செய்யும் ஆலையில், வாங்கும் செலவின் இடத்தில் இருப்பது இயந்திரத்தை அடுத்த பொருளுக்கு மாற்றியமைக்கும் செலவு. ஷிகியோ ஷிங்கோ ஜப்பானிய ஆலைகளில் குறைத்தது இதைத்தான்: அழுத்து இயந்திரத்தின் அச்சை மாற்ற மணிக்கணக்கில் ஆன நேரத்தைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவருவதை இலக்காக வைத்தார். மாற்றும் நேரம் குறைந்ததும் சிறுசிறு தொகுதிகளாகச் செய்வது கட்டுப்படியாயிற்று. வாய்பாட்டில் கொடுக்கப்பட்ட எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வதா, அதையே மாற்றப் பார்ப்பதா என்ற வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

தரக் கட்டுப்பாட்டில் ஷூவார்ட் 1924இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் முன்வைத்த கட்டுப்பாட்டு வரைபடம் ஒன்றே இந்த அளவிலான பாடத்துக்குப் போதும். அளவீடுகளை நேர வரிசையில் புள்ளிகளாகக் குறித்து, சராசரிக்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தூரத்தில் இரண்டு கோடுகள் போடுவதுதான் அது; அளவீடுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவே திட்ட விலக்கம். மணி வடிவில் அமையும் இயல்நிலைப் பரவலில் காரணமே இல்லாமல் ஒரு புள்ளி அவற்றைத் தாண்டும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுக்கும் குறைவு. கோடுகளுக்குள் ஏறி இறங்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் தேடி இயந்திரத்தைத் திருகிக்கொண்டே இருந்தால் ஏற்ற இறக்கம் கூடத்தான் செய்யும் என்பதை ஒரு பகடையை உருட்டியே வகுப்பில் காட்டிவிடலாம். மேலதிகாரிகளுக்குத்தான் இந்தப் பகடை முதலில் தேவை என்று ஒரு மாணவி சொன்னார், நான் மறுக்கவில்லை.

முன்கணிப்பு, இடத்தேர்வு, தளவமைப்பு, வேலைகளின் கால அட்டவணையைக் காட்டும் கேண்ட் வரைபடம், திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கும் முக்கியப் பாதை (கிரிட்டிக்கல் பாத்) ஆகியவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். முன்கணிப்பில் மட்டும் ஒன்றை நிறுத்திச் சொல்வதுண்டு. நான்கு கிடங்குகளில் ஒவ்வொன்றின் தேவையும் ஒன்றோடொன்று தொடர்பின்றி 100 என்ற திட்ட விலக்கத்தோடு மாறினால், நான்கையும் ஒன்றாக்கும்போது அது 400 ஆகாமல் 200 ஆகவே இருக்கும். முன்கணிப்பைத் திருத்த முடியாத இடத்தில் ஏற்ற இறக்கங்களை ஒன்றுசேர்த்து ஈடுகட்டலாம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பருவத்தின் கடைசி வாரங்களில் பீர் கேம் ஆடுகிறோம். எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டரின் ஆய்வுகளை ஒட்டி உருவான இந்த ஆட்டத்தில் சில்லறை விற்பனையாளர், மொத்த விற்பனையாளர், விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர் ஒரு சங்கிலியாக அமர்ந்து, ஒருவரோடொருவர் பேசாமல், தாளில் எழுதிய ஆர்டர்களை மட்டும் பின்னால் அனுப்புகிறார்கள். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரங்கள் தாமதம் உண்டு. ஆட்டம் முடிவதற்குள் ஆலையில் இருப்பவருக்கு ஒரு வாரம் மலைபோல் ஆர்டர் வரும், பல வாரங்கள் ஒன்றுமே வராது. வாடிக்கையாளர்கள் பைத்தியக்காரத்தனமாக வாங்கியிருக்கிறார்கள் என்று அவர் எழுதிக் கொடுப்பார். வாடிக்கையாளர் தேவையை வரைந்து காட்டும்போதுதான் வகுப்பு அமைதியாகிறது. முதல் சில வாரங்கள் வாரத்துக்கு 4 பெட்டி, பிறகு இறுதி வரை வாரத்துக்கு 8 பெட்டி, அவ்வளவுதான். மற்ற அலைகள் அனைத்தையும் நான்கு பேரும் தங்களுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டார்கள். இரண்டாம் ஆட்டத்தில் எல்லோரும் கடைசி வாடிக்கையாளரின் தேவையைப் பார்க்கலாம் என்று விதியை மாற்றுகிறேன். செலவு நன்றாகவே குறைகிறது. ஆனால் சரக்கு வந்து சேரும் வாரங்கள் குறையாததால் அலை முழுவதும் அடங்குவதில்லை, அந்த வாரங்களை எப்படிக் குறைப்பது என்ற வாக்குவாதத்தில் அன்றைய வகுப்பு நேரம் முடிந்துவிடுகிறது.